தெருவுல மூணு ஸ்பீக்கர், மனுவுல ஒண்ணு: கையெழுத்து போடலாமா?

கொருக்குப்பேட்டை_நைட்ஷிப்ட்

கன்டெய்னர் யார்டுல நைட் ஷிப்ட் வேலை. காலைல ஏழு ஏழரைக்கு வந்து படுத்தா மத்தியானம் வரைக்கும் தூங்கினாத்தான் அடுத்த ராத்திரி உடம்பு தாங்கும். தெரு முனையில அம்மன் கோயில், பின்தெருவுல பள்ளிவாசல், எதிர்ல மாடியில ஒரு ஜெப வீடு. மூணுலயும் ஸ்பீக்கர். இப்ப ஆடி வேற. கோயில் ஸ்பீக்கர் காலைல அஞ்சுக்கு ஆரம்பிச்சா ராத்திரி பதினொண்ணு ஆனாலும் ஓயறதில்ல. ஜெப வீட்ல ஞாயித்துக்கிழமை கீபோர்டு, டிரம்ஸ். பள்ளிவாசல்ல அஞ்சு வேளை பாங்கு.

விஷயம் இதுதான். எங்க அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தர் போலீஸுக்குக் கொடுக்க மனு டைப் பண்ணிப் போட்டிருக்கார். ஒலி மாசு விதி, உச்ச நீதிமன்றத் தீர்ப்பு எல்லாம் பக்காவா இருக்கு. ஆனா பேர் போட்டிருக்கறது பள்ளிவாசலை மட்டும். ஏன் சார்னு கேட்டேன். “மத்ததை அப்பறம் பாத்துக்கலாம்”னார். பாதி வீடு கையெழுத்து போட்டாச்சு. என்கிட்ட மனு வந்து நிக்குது.

அவர் எழுதினதுல பொய் ஒண்ணும் இல்ல. ஆனா கை வரமாட்டேங்குது. உண்மையில என் தூக்கத்தை அதிகமா கெடுக்கறது கோயில் ஸ்பீக்கர்தான், அது நான் கும்பிடற சாமி. சட்டம் தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க. மதச் சண்டை போட வர்றவங்க தயவுசெஞ்சு வேற இழைக்குப் போயிடுங்க.

புளியந்தோப்பு_தொன்னை

இன்னா வாத்யாரே, அந்தக் கடைசி வரியப் பாத்துட்டுத்தான் நான் உள்ளயே வந்தேன்.

கையெழுத்து போடாத. மனு எழுதுனவருக்குத் தூக்கம் கெடல, வேற இன்னாவோ கெட்டிருக்கு.

பாரிமுனை_வக்கீல்

முதல்ல சட்டத்தைச் சொல்லிடறேன், நியாயத்தை அப்பறம் பேசலாம்.

2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகள்ல எந்த மதத்துக்கும் தனிச் சலுகை கிடையாது, எந்த மதத்து மேலயும் தனிக் குறியும் கிடையாது. ஒலிபெருக்கி வைக்கணும்னா எழுத்துப்பூர்வ அனுமதி வாங்கணும். ராத்திரி 10-லேருந்து காலை 6 வரைக்கும் கூடவே கூடாது, கதவை மூடின அரங்கத்துக்கு உள்ளயும் பொது அவசர நேரத்துலயும் மட்டும்தான் விலக்கு. குடியிருப்புப் பகுதிக்கான அளவு பகல்ல 55 டெசிபல், ராத்திரி 45. வணிகப் பகுதிக்கு 65, 55. தொழிற்பகுதிக்கு 75, 70. 2002-ல ஒரு திருத்தம் வந்தது: பண்டிகை, கலை நிகழ்ச்சி மாதிரி நாட்கள்ல 10 மணியை 12 ஆக்கிக்க மாநில அரசு அனுமதிக்கலாம், ஆனா வருஷத்துக்கு மொத்தமே 15 நாள்தான். 2005-ல உச்ச நீதிமன்றம் அது செல்லும்னு சொல்லிடுச்சு.

ஆக, உங்க தெரு அம்மன் பாட்டு காலைல அஞ்சு மணிக்கு வந்தாலும் தப்பு, விடியற்காலை பாங்கு வெளி ஸ்பீக்கர்ல வந்தாலும் அதே தப்பு.

அந்த மனுவுல இருக்கற தீர்ப்பு எதுன்னு எனக்கு ஒரு யூகம். அனேகமா நம்ம ஏரியாவுலேருந்து போன வழக்காத்தான் இருக்கும். மாதவரம் நெடுஞ்சாலை, கே.கே.ஆர். நகர். அங்க சர்ச் ஆஃப் காட் சபை ஒண்ணு இருந்தது. டிரம்ஸ், கிட்டார், ஒலிபெருக்கியோட ஜெபம். பக்கத்துல இருந்த கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி நலச் சங்கம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதி, போலீஸுக்குப் போய், கடைசியில ஹைகோர்ட்டுக்கு வந்தது. அப்ப அந்த இடம் சென்னைக்குள்ளயே இல்ல, செங்கல்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்டம். மாதவரம் 2011-லதான் மாநகராட்சிக்குள்ள வந்துச்சு. ஹைகோர்ட் உத்தரவை எதிர்த்து சபை டெல்லி வரைக்கும் போச்சு. 2000 ஆகஸ்ட் 30, நீதிபதிகள் எம்.பி. ஷா, எஸ்.என். புகான். அப்பீல் தள்ளுபடி. அடுத்தவங்க நிம்மதியைக் கெடுத்துத்தான் சாமி கும்பிடணும்னு எந்த மதமும் விதிக்கல, ஒலிபெருக்கி வெச்சோ மேளம் அடிச்சோதான் கும்பிடணும்னும் எந்த மதமும் போதிக்கலன்னு அதுல சொன்னாங்க. இன்னிக்கு வரைக்கும் நாடு முழுக்க ஸ்பீக்கர் வழக்குன்னாலே இந்தத் தீர்ப்பைத்தான் முதல்ல எடுப்பாங்க.

வியாசர்பாடி_பம்பை

வக்கீல் சார், கோர்ட் மேல மரியாதை இருக்கு. ஆனா மேளம் அடிச்சுத்தான் கும்பிடணும்னு எந்த மதமும் சொல்லலைன்னு அய்யாங்க எழுதியிருக்காங்களே, அவங்களை ஒருநாள் எங்க தெருவுக்குக் கூட்டிட்டு வாங்க. எங்கப்பா பம்பைக்காரர். நானும் கொஞ்சம் வாசிப்பேன். பம்பை, உடுக்கை, கைச்சிலம்பு மூணும் சேந்து, ஆத்தாளைப் பாடற வர்ணிப்பு ஏறினாத்தான் ஆத்தா இறங்குவா. கரகம் ஜோடிக்கறப்ப ஒரு அடி, தண்ணித் துறையிலேருந்து கரகம் கிளம்பறப்ப வேற அடி. அருள் வர்ற நேரத்துல அடி மாறும், அது மாறலைன்னா வந்த அருள் நடுவுல நின்னு அந்தம்மா மயங்கி விழுந்துடும். நான் கண்ணால பாத்திருக்கேன்.

இது எந்தப் புத்தகத்துல இருக்குன்னு கேட்டா, எதுலயும் இல்ல. எங்கப்பா கையில இருந்துச்சு. புத்தகம் வெச்சிருக்கற சாமிக்குத்தான் கோர்ட்டுல வாய் இருக்கா?

பெரம்பூர்_லோகோ

பம்பைத் தம்பி கேட்டது சரியான கேள்வி. நான் சாமி கும்பிடறவன் இல்ல, இருந்தாலும் சொல்றேன்.

அரசியல் சட்டம் 25-வது பிரிவு மத உரிமையைக் கொடுக்கறப்பவே பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம், மத்த அடிப்படை உரிமைகள், இதுக்கெல்லாம் உட்பட்டுத்தான்னு ஆரம்பிக்குது. பிரிவோட முதல் வார்த்தையே கடிவாளம். சரி, மதத்துக்குள்ள எது வரும், எது வராதுன்னு யார் முடிவு பண்றது? அம்பேத்கர் 1948 டிசம்பர் 2 அன்னிக்கு அரசியல் நிர்ணய சபையில பேசினார்: இந்த நாட்டுல மதம்ங்கறது பொறப்புலேருந்து சாவு வரைக்கும் எல்லாத்தையும் வளைச்சுப் போட்டிருக்கு, அதை அப்படியே விட்டா எந்தச் சீர்திருத்தச் சட்டமும் போட முடியாது, அதனால சாராம்சத்துல மதம் சார்ந்ததுக்கு மட்டும் பாதுகாப்புன்னு சுருக்கிக்கணும்னு. அவர் நினைச்சது வாரிசுரிமை, குத்தகை மாதிரி விஷயங்களை மதத்துக்கு வெளிய இழுக்கறதுக்கு.

1954-ல சிரூர் மடம் வழக்கு, அதுவும் மெட்ராஸ் அறநிலையச் சட்டத்துலேருந்து கிளம்பினது. ஒரு மதத்துக்கு எது இன்றியமையாத பகுதிங்கறதை அந்த மதத்தோட கோட்பாட்டை வெச்சே பாக்கணும்னு உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு. கேக்க நல்லாருக்கு. நடைமுறையில என்ன ஆச்சுன்னா, நீதிபதிங்க சாஸ்திரம், நூல், ஆகமம்னு தேட ஆரம்பிச்சாங்க. எழுதி வெச்ச மதம் தப்பிச்சுது. தெருவுல வாழற மதத்துக்கு சாட்சி சொல்ல ஆள் இல்ல. சபரிமலைக்குப் பொம்பளைங்க போகலாமாங்கற வழக்குல 2018-ல நடந்த விவாதத்துலயும் இதே முடிச்சுதான், 2019 நவம்பர்ல அதைப் பெரிய பெஞ்சுக்கு அனுப்பிட்டாங்க. எது சாமி, எது சடங்குன்னு கோர்ட் ஆராயவே கூடாதுங்கறது என் கட்சி. அடுத்தவனுக்குக் கெடுதல் வருதா, இல்லையா? அதை மட்டும் பாத்தாப் போதும். சத்தத்துக்குப் புராணம் எதுக்கு?

பாரிமுனை_வக்கீல்

லோகோ அய்யா சொன்னதை நான் முக்கால்வாசி ஒத்துக்கறேன். பம்பையைக் கையால அடிக்கறது வேற, அதுக்கு முன்னாடி மைக் வெச்சு நாலு தெருவுக்கு அனுப்பறது வேற. சட்டத்தோட கோபம் முக்கியமா ரெண்டாவது மேலதான், ராத்திரி பத்துக்கு மேல மட்டும் கையால அடிக்கற மேளத்துக்கும் தடை உண்டு. ஆனாலும் அந்த வாக்கியத்துல மேளமும் சேந்து மாட்டிக்கிச்சு. அது எனக்கும் உறுத்தல்தான்.

அந்த வழக்குல யாரும் பேசாத ஒரு விஷயம் இருக்கு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் போய் சத்தத்தை அளந்துச்சு. சபைதான் எல்லாச் சத்தத்துக்கும் காரணம்னு அதுல வரல. மாதவரம் நெடுஞ்சாலையில ஓடற வண்டிங்களும் காரணம்னு வந்துச்சு. ஹைகோர்ட்டும் அதைப் பாத்து, சத்தம் போடற வண்டிங்க மேல நடவடிக்கை எடுங்க, சபையையும் ஸ்பீக்கரைக் கொறைக்கச் சொல்லுங்கன்னு ரெண்டையும்தான் சொன்னாங்க. டெல்லிக்குப் போய் பேர் வாங்கினது ரெண்டாவது பாதி மட்டும்.

மூலக்கடை_வாசி

முதல் பாதி இன்னும் எங்க ரோட்டுலதான் ஓடிக்கிட்டிருக்கு சார். ஏர் ஹாரனோட.

ஓல்ட்வாஷர்மென்பேட்_புதுசு

எல்லாரும் மனு எழுதினவரை வில்லன் ஆக்கிட்டீங்க. நான் அவர் கட்சி பேசறேன்.

ஹெல்மெட் போடாம வர்றவனை டிராஃபிக் போலீஸ் நிறுத்தினா, “அங்க நாலு பேர் போடாமப் போறான், அவனைப் புடி”ன்னா விட்டுடுவாங்களா? அமல்படுத்தறது எங்கயாவது ஒரு இடத்துல ஆரம்பிச்சுத்தான் ஆகணும். மனு கொடுக்கறவன் மனசுல என்ன இருக்குன்னு தோண்டறது சட்டத்தோட வேலை இல்ல. விதி மீறல் இருக்கா, இல்லையா? இருக்கு. முடிஞ்சுது.

பாரிமுனை_வக்கீல்

கசப்பா இருந்தாலும் சட்டப்படி புதுசு சொல்றதுதான் சரி. சட்டத்துக்கு முன்னாடி எல்லாரும் சமம்னு சொல்ற 14-வது பிரிவை வெச்சு “அவனை விட்டீங்க, என்னையும் விடுங்க”ன்னு கேக்க முடியாது. சட்டத்தை மீறறதுல சமத்துவம் கிடையாதுன்னு கோர்ட்டுங்க திரும்பத் திரும்பச் சொல்லியாச்சு. மாதவரம் வழக்குலயும் சபை இதே வாதத்தை வெச்சுது: நாங்க சிறுபான்மை நிறுவனம், எங்க வழிபாட்டை முடக்கறதுக்காகவே உள்நோக்கத்தோட கேஸ் போட்டிருக்காங்கன்னு. கோர்ட் எடுத்துக்கல.

அதனாலதான் நைட்ஷிப்ட் தம்பியோட கேள்வியை நான் லேசா எடுத்துக்கல. மனு யார் மேல, எதுக்குன்னு சட்டம் பாக்காது. பாக்கற ஒரே இடம், கையெழுத்து போடறவன் கை.

தண்டையார்பேட்டை_பாய்

அஸ்ஸலாமு அலைக்கும். ரெண்டு நாளா படிச்சிட்டு இருக்கேன், பேசலாமா வேணாமான்னு யோசிச்சேன்.

பாங்கு ஒரு தடவைக்கு மூணு நாலு நிமிஷம். ஃபஜ்ரு, அதான் விடியற்காலைத் தொழுகை, எந்த மாசமா இருந்தாலும் ஆறு மணிக்கு முன்னாடிதான் வரும், அப்ப வெளி ஸ்பீக்கர் போட்டா விதி மீறல்தான். இதுல எனக்கு ரெண்டு கருத்து இல்ல. எங்க மஹல்லாவுல ஃபஜ்ருக்கு வெளி ஸ்பீக்கரை நிறுத்தி ரொம்ப நாளாச்சு. சும்மா நிறுத்தல, ஜமாஅத் கூட்டத்துல பெரிய சண்டையே நடந்துச்சு. ஒரு பெரியவர் “எங்க வாப்பா காலத்துலேருந்து கேக்கற பாங்கு”ன்னார். காலேஜ் படிக்கற பையன் ஒருத்தன் எழுந்து, “உங்க வாப்பாவோட வாப்பா காலத்துல மினாராவுல ஏறி வாயாலதான் சொன்னாங்க”ன்னான். பெரியவர் அவன்கூட கொஞ்ச நாள் பேசல. ஸ்பீக்கர் வந்த புதுசுல அதுல பாங்கு சொல்றது கூடுமான்னே ஆலிம்களுக்குள்ள பேச்சு இருந்துச்சு. 2020-ல அலகாபாத் ஹைகோர்ட்டும் பாங்கு மார்க்கத்தோட பகுதி, ஸ்பீக்கர் இல்லன்னு பிரிச்சுத்தான் சொன்னாங்க. அது எனக்கு ஏத்துக்கக்கூடியதுதான்.

ஆனா தம்பி, அந்த மனு எனக்கு வலிக்கறது சத்தத்துனால இல்ல. பின்தெருவுல இருக்கற எங்க ஆளுங்க மூணு நிமிஷத்துக்கு போலீஸுக்குப் போற மனு, முனையில பதினெட்டு மணி நேரம் ஓடற ஸ்பீக்கரைக் காதுல வாங்கலைன்னா, அது சத்தத்தைப் பத்தின மனு இல்லைன்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும். மூணையும் எழுதுங்க. முதல் கையெழுத்து நான் போடறேன்.

ஒத்தவாடை_அக்கா

பாய் சொல்றது நியாயம். நானும் சொல்லிக்கறேன்.

எங்க தெருவுல கூழ் ஊத்தறது பொம்பளைங்க நாங்கதான். கேவுரு மாவு, நொய்யி, அண்டாவுல விடிய விடியக் கிண்டணும். கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை. தெருவுல முக்கால்வாசி வீடு ஒண்டுக் குடித்தனம். வருஷம் பூரா மீன் கூடையும் பாத்திரமும் தேய்க்கற பொம்பளைங்க, மஞ்சப் பொடவை கட்டி நடுத்தெருவுல நிமிந்து நிக்கறது அந்த ஒரு மாசம்தான். பாட்டு இல்லாம என்னா ஆடி?

மார்கழியில மயிலாப்பூர் பக்கம் கச்சேரின்னா ஏசி ஹாலு. கதவை மூடிட்டு உள்ள வெச்சா ராத்திரி பத்துக்கு மேலயும் விதி கேக்காதுன்னு வக்கீல் சாரே சொல்லிட்டாரு. எங்களுக்கு ஹாலே தெருதான். அப்ப விதி யாருக்குப் போட்டது?

இன்னொண்ணு. தெருவுல சாவு விழுந்தா, எடுக்கற வரைக்கும் நடையைச் சாத்திடுவாங்க, ஸ்பீக்கர் தானா நிக்கும். செத்தவன் எந்தச் சாமி கும்பிட்டவன்னு பாக்க மாட்டாங்க. பத்தாவது பரிச்சைன்னா கொறைப்பாங்க. அதுக்கு எந்தக் கோர்ட்டு ஆர்டர் போட்டுச்சு? நைட்ஷிப்ட் தம்பி, நீ போய்க் கேட்டியா? கேக்காமயே மனு வரைக்கும் போயிட்டீங்க.

எண்ணூர்_டீச்சர்

அக்கா, உங்க மேல கோவம் இல்ல, ஆனா கேட்டா கொறைப்பாங்கன்னு சொல்றீங்களே, அது கேக்கறவங்க யாருங்கறதைப் பொறுத்தது.

நான் முன்னாடி வாடகைக்கு இருந்த தெருவுல, என் பொண்ணு பன்னெண்டாவது பரிச்சைக்குப் படிச்சப்ப விழாக் குழுகிட்ட கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டேன். நாங்க அந்தத் தெருவுக்குப் புதுசு, அந்தத் தெருக்காரங்க சாதியும் இல்ல. “புடிக்கலைன்னா வீட்டைக் காலி பண்ணிட்டுப் போம்மா”ன்னாங்க. அடுத்த நாள் சத்தம் கூடிச்சு, கொறையல. அப்பறம்தான் 100-க்கு போன் பண்ணேன். போலீஸ் வந்து கொறைக்கச் சொல்லிட்டுப் போச்சு. மறுநாள் காலைல வீட்டுக்காரர் வந்து, “நீங்கதான் போன் பண்ணீங்களாமே”ன்னார். எப்படித் தெரிஞ்சுதுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. ரெண்டு மாசத்துல வீடு மாறிட்டோம்.

தெருவுக்குள்ள ஒரு நியாயம் ஓடுது, உண்மைதான். அது தெருக்காரங்களுக்கு ஓடுது. சொந்த வீடு, சொந்தக்காரங்க, நாலு பேர் பலம் இருக்கறவங்க வாயால கேட்டு வாங்கிக்கறதை, அது எதுவும் இல்லாதவ காகிதத்துலதான் கேக்க முடியும். விதி யாருக்குப் போட்டதுன்னு கேட்டீங்களே, எனக்குப் போட்டது. அதுகூட வேலை செய்யல, அது வேற.

ஒத்தவாடை_அக்கா

டீச்சரம்மா, அப்படி ஒருத்தன் எங்க தெருவுல பேசியிருந்தா நானே கேட்டிருப்பேன். ஆனா எல்லாத் தெருவுலயும் நான் இல்லியே. நீங்க சொன்னதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

ரிட்டயர்டு_ஏட்டு

இப்ப நான் வரேன். ஸ்டேஷன் பக்கத்துக் கதையையும் கேளுங்க.

100-க்கு போன் வந்தா ரோந்து வண்டி போகும். நான் இருந்த காலத்துல, இருந்த ஸ்டேஷன்கள்ல, டெசிபல் மீட்டரைக் கண்ணால பாத்ததில்ல. காதுதான் மீட்டர். “கொஞ்சம் கொறைச்சுக்கப்பா”ன்னு சொல்லுவோம், கொறைப்பான், வண்டி தெருவைத் திரும்பினதும் ஏத்துவான். டீச்சரம்மாவுக்கு நடந்தது தப்பு, ஆனா ஆச்சரியம் இல்ல. பாதி ஸ்டேஷன்ல சொன்னவங்க யாருன்னு விழாக் குழுவுக்கு டீக்கடையிலயே தெரிஞ்சிடும்.

சத்தம்னா சாமி மட்டும் இல்ல. பொதுக்கூட்டம்னு வந்தா எந்தக் கட்சியும் விதி பாக்காது, அங்க போய்க் கொறைக்கச் சொல்ற ஏட்டுக்கு மறுநாள் டிரான்ஸ்ஃபர். கோயில்னா கூட்டம் சேரும்னு பயம், கட்சின்னா போன் வரும்னு பயம். கடைசியில விதி யார் மேல பாயும்? போன் பண்ண ஆளும் இல்லாத, கூட்டம் சேக்கவும் முடியாத இடத்துல. அது சில தெருவுல சின்ன பள்ளிவாசல், சில தெருவுல மாடி ஜெப வீடு, சில தெருவுல சாவு மேளம்.

விநாயகர் சதுர்த்திக்கு முன்னாடி அமைதிக் குழு கூட்டம் போடுவோம். சிலையெல்லாம் காசிமேட்டுக்குக் கரைக்கப் போகணும், வழியில பள்ளிவாசல் வரும். எங்க மேளம் நிக்கணும், எந்த நேரத்துக்குள்ள கடக்கணும்னு ரெண்டு தரப்பையும் உக்கார வெச்சு எழுதி வாங்குவோம். அந்தக் காகிதம் ஓரளவு நின்னுச்சு, ஏன்னா ரெண்டு பேரும் கையெழுத்து போட்டது. ஒரு தரப்பு மட்டும் கொண்டு வர்ற காகிதம் எதுவும் நின்னதில்ல.

பெரம்பூர்_லோகோ

ஏட்டய்யா சொன்ன தகராறு பழைய பாக்கி. 1882-ல சேலத்துல பள்ளிவாசலை வெச்சு பெரிய கலவரம். அடுத்த வருஷம் சுந்தரம் செட்டி வழக்குல சென்னை உயர் நீதிமன்றம், பொதுத் தெருவுல மேளதாளத்தோட ஊர்வலம் போக எல்லாருக்கும் உரிமை உண்டு, ஆனா அடுத்தவங்க தெருவைப் புழங்கற உரிமையைக் கெடுக்கக் கூடாது, அமைதிக்காக மாஜிஸ்ட்ரேட் போடற உத்தரவுக்கும் அடங்கணும்னு சொல்லுச்சு. அரசியல் சட்டமே இல்லாத காலம் அது. இன்னிக்கு நாம இங்க பேசறதுல இதுக்கு மேல புதுசா என்ன இருக்கு? ஆம்ப்ளிஃபையர்தான்.

புளியந்தோப்பு_தொன்னை

தலீவரே, அப்போ நூத்தி நாப்பது வருசமா ஒரே பஞ்சாயத்து. பேஜார்.

அது கெடக்கட்டும், மனு இன்னா ஆச்சு? நைட்ஷிப்ட் ஆளையே காணோம், தூங்கிட்டாரா?

கொருக்குப்பேட்டை_நைட்ஷிப்ட்

எங்க தூங்க.

எல்லாத்தையும் படிச்சேன். பாய் சொன்ன மாதிரி மனுவைத் திருத்தி குரூப்ல போட்டேன். எந்தக் கோயில், எந்தப் பள்ளின்னு பேரே போடல. “இந்த மூணு தெருவுலயும் ராத்திரி 10 முதல் காலை 6 வரை ஒலிக்கும் எல்லா ஒலிபெருக்கிகளும்”னு ஒரே வரி. மனு எழுதினவர் முதல்ல “சூப்பர்”னார். அப்பறம் ஒவ்வொருத்தரா வந்தாங்க. “ஆடி முடிஞ்சதும் கொடுக்கலாமே”ன்னு ஒருத்தர். “கோயிலை இதுல ஏன் இழுக்கறீங்க, அது நம்மது”ன்னு ஒருத்தர். எதிர் மாடி ஜெப வீட்டுக்குப் போற அண்ணன், ஞாயித்துக்கிழமை பகல்லதானே வாசிக்கறோம், அது எப்படி இதுல வரும்னு கேட்டார், அது நியாயமான கேள்வி. பாதி வீடு போட்ட கையெழுத்துல இப்ப மிச்சம் ஏழெட்டு.

அக்கா சொன்னாங்கன்னு கோயிலுக்கும் போனேன். விழாக் குழுவுல இருக்கறவர் எனக்கு ஸ்கூல்ல சீனியர். டீச்சரம்மா சொன்னது மனசுல இருந்துச்சு, எனக்குக் கேக்க முடியுதுன்னா நான் அந்தத் தெருப் பையன்ங்கறதாலதான். காலைல ஆறுக்கு முன்னாடி போட மாட்டோம், ராத்திரி பத்தோட நிறுத்தறோம்னாங்க. ரெண்டு நாளா நிறுத்தறாங்க. ஆனா எனக்கு ராத்திரியே பகல்லதான். காலைல எட்டு மணிக்கு அதே ஸ்பீக்கர். அதுக்கு விதியில எதுவும் இல்லியா?

பாரிமுனை_வக்கீல்

விதி எழுதினவங்க ஊரே ராத்திரி தூங்கும்னு நினைச்சு எழுதியிருக்காங்க. ஹார்பர், யார்டு, ஆஸ்பத்திரின்னு பகல்ல தூங்கற ஜனம் வடசென்னையில எத்தனை பேர்னு அவங்களுக்கு எங்க தெரியும்.

ஆனா பகல்ல இஷ்டத்துக்குப் போடலாம்னு இல்ல. பொது இடத்துல ஒலிபெருக்கி வெச்சா, அந்த இடத்தோட எல்லையில சத்தம் அந்தப் பகுதிக்கான அளவை விட 10 டெசிபலுக்கு மேல போகக் கூடாது, எப்படியும் 75-ஐத் தாண்டக் கூடாது, ரெண்டுல எது கம்மியோ அது. குடியிருப்புப் பகுதின்னா பகல்ல 65. ஞாயித்துக்கிழமை டிரம்ஸும் வெளிய கேக்கற அளவைப் பொறுத்து இதே மாதிரி கணக்குக்குள்ள வந்துடும். இந்த வரியையும் மனுவுல சேருங்க. கோயில் ஸ்பீக்கரைத் தெருப் பக்கம் திருப்பாம உள் பக்கம் திருப்பி, கூம்பை எடுத்துட்டுப் பெட்டி ஸ்பீக்கர் வெச்சாலே பெரிய வித்தியாசம் தெரியும். அதைப் பேசிப் பாருங்க, கோர்ட் தேவையில்ல.

ரிட்டயர்டு_ஏட்டு

மனுவை ஸ்டேஷன் ரைட்டர்கிட்ட மட்டும் கொடுத்துட்டு வராதீங்க. கமிஷனர் ஆபீசுக்கு ஒரு காப்பி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒரு காப்பி. ரசீது கேட்டு வாங்குங்க.

ஓல்ட்வாஷர்மென்பேட்_புதுசு

நான் இன்னும் என் கருத்துலதான் இருக்கேன். எல்லார் மேலயும் எழுதின மனு யார் மேலயும் நடவடிக்கை இல்லாம ஃபைல்ல தூங்கும். குறிப்பா ஒருத்தர் மேல கொடுத்தாத்தான் போலீஸ் நகரும்.

தண்டையார்பேட்டை_பாய்

அப்ப கோயில் பேரைப் போட்டு முதல் மனு கொடுங்க தம்பி. மத்ததை அப்பறம் பாத்துக்கலாம்.

ஓல்ட்வாஷர்மென்பேட்_புதுசு

பாய், அது அவ்வளவு ஈஸியா நடக்கறதில்லைன்னு உங்களுக்கே தெரியும்.

தண்டையார்பேட்டை_பாய்

தெரியும். அதைத்தான் இவ்ளோ நேரம் சொல்லிட்டிருக்கேன்.

ஒத்தவாடை_அக்கா

சரி சரி, சண்டை வேணாம். வக்கீல் சார், எனக்கு ஒரு வேலை. எங்க தெருவுல வர்ற ஞாயித்துக்கிழமை கூழு. வர்ணிப்பு முடிய எப்படியும் பத்தரை ஆயிடும். அந்தப் 15 நாள் சலுகைன்னு சொன்னீங்களே, அதுல எங்களை சேத்துக்க முடியுமா? யாருக்கு எழுதணும்?

பாரிமுனை_வக்கீல்

அந்த 15 நாள் எதுன்னு அரசுதான் முன்கூட்டியே அறிவிக்கும், நாம கேட்டு வாங்கற லீவு இல்லக்கா. உங்க ஞாயித்துக்கிழமை அதுல இருக்கறது சந்தேகம்தான். ஸ்பீக்கருக்கு ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிடுங்க, நேரம் ராத்திரி பத்து வரைக்கும்னு தெளிவா போட்டுக்கங்க. பம்பைக்காரங்களை ஆறரைக்கே வரச் சொல்லிடுங்க.

வியாசர்பாடி_பம்பை

ஆறரைக்கு வர்றது கஷ்டம் சார், அன்னிக்கு எங்களுக்கு மூணு தெரு இருக்கு. அக்கா, நம்பரைத் தனியா அனுப்புங்க. உங்க தெருவை முதல்ல போட்டுக்கறேன். மைக் வேணாம், பம்பைக்கு எதுக்கு மைக்.